ஆந்திரா வயலில் கிடைக்கும் வைரம் இலங்கையில் ஏன் கிடைப்பதில்லை?

ஒவ்வோராண்டும் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆந்திராவின் கர்நூல், அனந்தபூர் பக்கத்துச் சனங்கள் குடும்பம் குடும்பமாக வயல்களில் இறங்கிவிடுவார்கள். விதைக்க அல்ல. மழை கழுவிவிட்ட மண்ணில் மினுங்கும் கல்லைத் தேடுவதற்கு. ஜொன்னகிரி, துக்கலி, வஜ்ரகரூர் என்று அந்த ஊர்களின் பெயர்கள் அப்போது செய்தியில் அடிபடும். சிலருக்கு உண்மையாகவே வைரம் கிடைக்கிறது.

இதைக் காட்டும் காணொளிகள் யாழ்ப்பாணத்துக் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்ததும் சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. இரத்தினபுரி மண்ணைக் கிண்டினால் நீலக்கல் வருகிறது, வைரம் ஏன் வருவதில்லை? நிலக்கரி நாட்பட்டால் வைரமாகும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அது சரியா? கலியாணத்துக்குக் கல் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள்: ஆய்வுகூடத்தில் செய்த வைரமும் வைரம்தான் என்றால், மண்ணுக்குள் கிடைத்ததில் அப்படி என்ன இருக்கிறது?

வைரம் உருவாவது ஒரு நிகழ்வு. அது மேலே வந்து சேர்வது முற்றிலும் வேறொரு நிகழ்வு. இரண்டுக்கும் இடையில் சில நூறு மில்லியன் ஆண்டுகளிலிருந்து மூவாயிரம் மில்லியன் ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

பென்சிலும் மூக்குத்தியும்

வைரம் முழுக்க முழுக்கக் காபன். பென்சிலுக்குள் இருக்கும் கரியும் காபன்தான். அதைக் காரீயம் என்றும் பென்சிற்கரி என்றும் சொல்கிறோம். ஒரே மூலகம், அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

பென்சிற்கரியில் காபன் அணுக்கள் தட்டுத் தட்டாக இருக்கின்றன. ஒரு தட்டுக்குள் ஒவ்வோர் அணுவும் பக்கத்து மூன்று அணுக்களை இறுகப் பிடித்திருக்கும். ஆனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலான பிடி மிகவும் தளர்வு. கடதாசியில் பென்சிலை இழுக்கும்போது தட்டுகள் வழுக்கிக் கழன்று கறுப்புக் கோடாக ஒட்டிக்கொள்கின்றன. வைரத்தில் தட்டுகளே இல்லை. ஒவ்வோர் அணுவும் நாலு திசையில் நாலு அணுக்களைப் பிடித்து, கல் முழுவதும் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கிறது. வழுக்கிப் போக இடமில்லை.

இந்த அடுக்கு நெருக்கமானது. பென்சிற்கரியின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 2.2 கிராம், வைரத்தினது 3.5 கிராம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை நாலு பக்கமும் நெரித்தால் அது குறைந்த இடத்தில் அடங்கும் வடிவத்தையே நாடும். ஆகவே அழுத்தம் கூடக் கூடக் காபனுக்கு வைர வடிவமே வசதி. அழுத்தம் குறைந்த நமது தரைமட்டத்தில் காபனுக்கு இயல்பான வடிவம் பென்சிற்கரிதான். அப்படியானால் மூக்குத்தியில் உள்ள வைரம் ஏன் கரியாக மாறவில்லை? மாறுவதற்கு அந்த நான்கு பிடிகளையும் முதலில் அறுக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அதற்குரிய சக்தி கிடைப்பதில்லை. கனத்த வெப்பத்தில் கிடைத்துவிடும். வைரம் மேலே வரும் கதையே இந்த ஒரு விடயத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வைரம் எரியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 1772 இல் பிரான்சில் லவோசியே வைரத்தை எரித்துக் காட்டினார். 1797 இல் இங்கிலாந்தில் ஸ்மித்சன் ரெனன்ற், வைரம் எரியும்போது அதே நிறையுள்ள கரி எரிந்தால் வரும் அளவு காபனீரொட்சைட்டே வருகிறது என்று நிறுவினார். நகை செய்யும் பத்தர்மாருக்கு இது பட்டறை அனுபவம். வைரம் பதித்த நகையில் பற்றவைக்க நேர்ந்தால் கல்லின் மேல் போரிக் அமிலம் பூசிக் காற்றுப் படாமல் மூடிவிட்டுத்தான் சுவாலையைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் கல்லின் மேற்பரப்பு எரிந்து பால் படர்ந்ததுபோல மங்கிவிடும்.

நிலக்கரி வைரமாவதில்லை

பரவலாக நம்பப்படும் இந்தக் கதை மூன்று காரணங்களால் பிழை.

1. வயது. நிலக்கரி தரைத் தாவரங்கள் புதைந்து உருவானது. உலகின் பெரிய நிலக்கரிப் படைகள் ஏறக்குறைய 360 மில்லியன் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. பெரும்பாலான வைரங்களின் வயது 1,000 மில்லியன் முதல் 3,500 மில்லியன் ஆண்டுகள். அவை உருவான காலத்தில் தரையில் புல் பூண்டுகூட இல்லை.

2. ஆழம். நிலக்கரி பூமியின் மேலோட்டில் சில கிலோமீற்றருக்குள் கிடக்கும் பொருள். வைரம் உருவாகும் ஆழம் 150 கிலோமீற்றருக்குக் கிட்டவும் கீழும்.

3. தூய்மை. நிலக்கரியில் காபனோடு ஐதரசன், ஒட்சிசன், கந்தகம், சாம்பல் எல்லாம் கலந்திருக்கின்றன. அதை அப்படியே நெரித்து ஒளி ஊடுருவும் ஒற்றைப் பளிங்கைப் பெற முடியாது.

150 கிலோமீற்றர் என்றால் எவ்வளவு?

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் போனால் வவுனியாவைத் தாண்டிச் சற்றுத் தூரம். அந்தத் தூரத்தை நேரே கீழ்நோக்கி வைத்துப் பாருங்கள். மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. அது 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. அதே வீதியில் வைத்துப் பார்த்தால் அந்தத் துளை சாவகச்சேரியைக்கூட எட்டவில்லை. ஆகவே வைரம் உருவாகும் இடத்தை யாரும் பார்த்ததில்லை. அங்கிருந்து வந்த கற்களும், நிலநடுக்க அலைகளும், ஆய்வுகூடப் பரிசோதனைகளும் சொல்வதைத்தான் நாம் அறிகிறோம்.

அந்த ஆழம் ஏன் வேண்டும் என்பதைக் கிணற்றை வைத்தே கணக்குப் பார்க்கலாம். தண்ணீருக்குள் 10 மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. வைரம் நிலைபெற ஏறக்குறைய 50,000 வளிமண்டல அழுத்தம் வேண்டும். தண்ணீரை மட்டும் நம்பினால் 500 கிலோமீற்றர் ஆழக் கிணறு தேவை. கீழே இருப்பது பாறை. அது தண்ணீரைவிட ஏறக்குறைய 3.3 மடங்கு கனம். 500 ஐ 3.3 ஆல் வகுத்தால் 150 சொச்சம் வரும். அதுதான் அந்த 150 கிலோமீற்றர்.

பூமியின் மேலோடு கண்டங்களுக்குக் கீழே பொதுவாக 30 முதல் 50 கிலோமீற்றர் தடிப்பம். அதற்குக் கீழே 2,900 கிலோமீற்றர் வரை இருப்பது மான்ரில் எனப்படும் பாறைப் படை. பலர் நினைப்பதுபோல அது உருகிய குழம்பல்ல. திண்மப் பாறைதான், ஆனால் வெப்பத்தால் மிக மெதுவாக நெகிழ்ந்து நகரும். வைரம் பிறப்பது இந்த மான்ரிலின் மேற்பகுதியில்.

வெப்பம் கூடினாலும் கேடு

ஆழம் போனால் அழுத்தம் கூடுகிறது. கூடவே வெப்பமும் கூடுகிறது. அழுத்தம் காபனை வைரமாக இருக்கச் சொல்லும். வெப்பமோ, இன்னும் அதிக அழுத்தம் கொண்டுவா என்று கேட்கும். ஆகவே ஆழமாகவும் இருக்கவேண்டும், அந்த ஆழத்துக்கு ஒப்பீட்டளவில் குளிராகவும் இருக்கவேண்டும். குளிர் என்றால் இங்கே 900 முதல் 1,300 பாகை செல்சியஸ்.

அப்படிப்பட்ட இடங்கள் பூமியில் சிலவே. கண்டங்களின் மிகப் பழைய பகுதிகளுக்குக் கீழே 200 கிலோமீற்றர்வரை தடித்த, குளிர்ந்த, இறுகிய வேர் ஒன்று மான்ரிலுக்குள் இறங்கி நிற்கிறது. இந்தப் பழம்பாறைத் தட்டுகளைக் கிரேற்றன் என்கிறார்கள். 2,500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே இறுகிப்போனவை. அதன் பிறகு கண்டங்கள் எத்தனை முறை மோதிப் பிரிந்தாலும் பெரிதாகக் குலையாதவை. முற்றிய பாலை மரத்தின் நடுக்கட்டையை வைரம் பாய்ந்த கட்டை என்போம். கண்டத்துக்கு வைரம் பாய்ந்த இடம் கிரேற்றன் என்றால் அது முற்றிலும் பொருந்தும்.

தென்னாபிரிக்கா, பொற்சுவானா, சைபீரியா, வட கனடா, ஆந்திராவும் கர்நாடகமும் அமைந்த தார்வார் பகுதி எல்லாம் இப்படியான தட்டுகள். வைரம் தரும் கிம்பர்லைற் என்ற எரிமலைப் பாறைகள் பழைய கிரேற்றன்களிலேயே அகப்படுகின்றன என்பதை 1966 இல் புவியியலாளர் ரொம் கிளிபர்ட் ஒரு விதியாகவே எடுத்துச் சொன்னார். விலக்குகள் உண்டு. அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் கிரேற்றனின் விளிம்பில் இருந்தது. ஆனாலும் வைரம் தேடுபவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது இந்த வரைபடத்தைத்தான்.

காபன் எங்கிருந்து வந்தது?

இதற்கு ஒரே விடை இல்லை. ஒரு பங்கு பூமி உருவான நாள்முதல் மான்ரிலுக்குள் இருந்த காபன். இன்னொரு பங்கு மேலேயிருந்து போனது. கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் கீழே செருகிப் போகும்போது அதன் மேல் படிந்த சுண்ணாம்பும் உயிரினங்களின் எச்சமும் கூடவே இறங்குகின்றன. காபனின் இலேசான அணுக்களுக்கும் கனமான அணுக்களுக்கும் (சமதானிகள்) இடையிலான விகிதத்தை அளந்தால் சில வைரங்களில் இந்த மேற்பரப்புக் காபனின் சாயல் தெரிகிறது. நமது குடாநாட்டுக் கிணறுகளின் சுவரில் தெரியும் சுண்ணாம்புக்கல் போன்ற ஒன்று, என்றோ எங்கோ ஒரு கடலடியிலிருந்து கீழே போய் வைரமாகியிருக்கக்கூடும்.

வைரம் வளர்வது பெரும்பாலும் பாறையின் வெடிப்புகளூடாக ஊறிச் செல்லும் திரவத்தில். காபனீரொட்சைட்டு, காபனேற்று, மெதேன் ஆகிய வடிவங்களில் அந்தத் திரவம் காபனைச் சுமந்து வருகிறது. சூழ்ந்திருக்கும் பாறை ஒட்சிசனைப் பறிக்கும்போதோ கொடுக்கும்போதோ காபன் தனித்துப் படிகிறது. கற்கண்டு வளர்வதுபோல என்று நினைத்துக்கொள்ளலாம். நூலில் கட்டிய சிறு பரலைச் சுற்றிச் சீனி படிவது போன்ற வளர்ச்சி. ஒரே மூச்சில் வளர்வதுமில்லை. ஒரு கல்லைக் குறுக்கே அறுத்துத் தகுந்த ஒளியில் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அடுக்குகள் தெரியும். சில கற்களில் அடுத்தடுத்த அடுக்குகளுக்கிடையே பல மில்லியன் ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

இன்னும் ஆழத்திலிருந்து வந்தவையும் உண்டு. 2014 இல் பிறேசிலின் ஜுயீனாப் பகுதி வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைற் என்ற கனியம் அகப்பட்டது. அது 500 கிலோமீற்றருக்குக் கீழேதான் உருவாகும். 1905 இல் தென்னாபிரிக்காவில் கிடைத்த 3,106 கரட் கலினன் போன்ற மாபெரும் வைரங்களும் 360 முதல் 750 கிலோமீற்றர்வரையான ஆழத்திலிருந்து வந்தவை என்று 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது.

இங்கே கரட் பற்றி ஒரு சொல். பவுண் நகையில் 22 கரட் என்பது தூய்மையின் அளவு. கல்லில் கரட் என்பது நிறை: ஒரு கரட் 0.2 கிராம். கலினன் 621 கிராம்.

அழுக்குத்தான் சாட்சி

வைரத்தின் வயதை வைரத்தைக் கொண்டே அளக்க முடியாது. காபன்-14 முறை சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குமேல் உதவாது. ஆனால் வளரும்போது பக்கத்திலிருந்த கனியத் துணுக்குகளையும் சில வைரங்கள் உள்ளே அடைத்துக்கொள்கின்றன. நகைக்கடைக்காரர் குறை என்று விலையைக் குறைக்கும் அந்தப் புள்ளிதான் ஆராய்ச்சியாளருக்குப் பொக்கிஷம். வைரம் ஒருமுறை மூடிக்கொண்டால் வெளியிலிருந்து எதுவும் அதற்குள் போகாது. உள்ளே அடைபட்ட கார்னெற் துணுக்கில் கதிரியக்க மூலகங்கள் சிதைந்த அளவைக் கணக்கிட்டால் அடைபட்ட காலம் தெரிந்துவிடும். கோமேதகமும் கார்னெற் இனம்தான். இப்படி 1984 இல் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி வைரங்களின் வயது 3,200 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் என்று கண்டார்கள்.

அவற்றை மேலே கொண்டுவந்த எரிமலைக் குழாய்களின் வயதோ ஏறக்குறைய 90 மில்லியன் ஆண்டுகள்தான். மூவாயிரம் மில்லியன் ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கற்கள் கீழே சும்மா கிடந்திருக்கின்றன.

மேலே வரும் பயணம்

மேலே கொண்டுவரும் வாகனத்தின் பெயர் கிம்பர்லைற். 1871 இல் வைரம் கண்டுபிடிக்கப்பட்ட கிம்பர்லி நகரின் பெயரால் 1880களில் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார்கள். லம்ப்ரோயிற் என்ற உறவுப் பாறையும் இதே வேலையைச் செய்யும், ஆர்கைல் அப்படிப்பட்டது.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளவேண்டும்: கிம்பர்லைற் வைரத்தை உருவாக்குவதில்லை. வழியில் நிற்பவரை ஏற்றிவரும் பஸ் மாதிரி, வைரம் கிடக்கும் பாறைப் பகுதியூடாகப் பாயும்போது அதைப் பிய்த்து ஏற்றிக்கொண்டு வருகிறது. வழியில் வைரமில்லாவிட்டால் வெறுமையாக வரும். உலகில் ஆயிரக்கணக்கான கிம்பர்லைற் குழாய்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் வைரம் இருப்பவை சிறுபான்மை. வெட்டி எடுக்கக் கட்டுப்படியாகுபவை சில பத்து மட்டுமே.

பயணம் இப்படி நடக்கிறது:

1. வைரம் இருக்கும் படைக்கும் கீழே, மான்ரில் பாறையின் மிகச் சிறு பங்கு உருகுகிறது. அந்தக் குழம்பில் நீரும் காபனீரொட்சைட்டும் அளவுக்கு மிஞ்சிக் கரைந்திருக்கும். அதனால் இலேசானது, ஒழுகுதன்மை மிக்கது.

2. அது வெடிப்பைத் திறந்துகொண்டு ஏறத் தொடங்குகிறது. வழியில் உடைத்தெடுத்த பாறைத் துண்டுகளின் சில கனியங்கள் குழம்பில் கரையக் கரைய, குழம்பு காபனீரொட்சைட்டைப் பிடித்து வைக்கும் வலுவை இழக்கிறது. வாயு பிரிகிறது. வாயு பிரியப் பிரியக் குழம்பு இன்னும் இலேசாகி இன்னும் வேகமாக ஏறுகிறது.

3. மேலே கடைசி ஓரிரு கிலோமீற்றரில் அழுத்தம் விழுந்துவிட, குலுக்கித் திறந்த சோடாப் போத்தல் மாதிரி எல்லாம் ஒரேயடியாக வெடித்துப் பீறிடுகிறது. வெடித்த இடத்தில் மேலே அகன்று கீழே ஒடுங்கிய குழாய் ஒன்று மிஞ்சுகிறது. நிலத்தில் நிற்கும் கரட் கிழங்கின் வடிவம்.

4. குழாய்க்குள் குழம்பும் உடைந்த பாறையும் வைரமும் ஒன்றாக இறுகுகின்றன. மேற்பகுதி காலப்போக்கில் உக்கி மஞ்சள் மண்ணாகும். கீழே உக்காதது நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். சுரங்கத் தொழிலாளர் இவற்றை மஞ்சள் நிலம், நீல நிலம் என்றே அழைத்தார்கள்.

வேகம்தான் இதில் உயிர்நாடி. கணிப்புகள் பலவாறாக உள்ளன; ஆனால் முழுப் பயணமும் சில மணித்தியாலங்களிலிருந்து சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது என்பதில் பொதுவான உடன்பாடு உண்டு. குறைந்த கணிப்பான செக்கனுக்கு 4 மீற்றர் என்பது சைக்கிள் மிதிக்கும் வேகம். அந்த வேகத்தில் 150 கிலோமீற்றருக்குப் பத்து மணித்தியாலம் சொச்சம். எரிமலையின் வேகம் என்று கேட்டால் குறைவாகத் தோன்றலாம். ஆனால் திண்மப் பாறையைப் பிளந்துகொண்டு ஓடும் ஒன்றுக்கு இது அசுர வேகம்.

மெதுவாக வந்திருந்தால் என்ன ஆகும்? அதற்கும் சான்று இருக்கிறது. மொரோக்கோவின் வடக்கே பெனி பூசெரா என்ற இடத்தில் மான்ரில் பாறை ஒன்று எரிமலையின்றி, தட்டு நகர்வால் ஆறுதலாக மேலே தள்ளப்பட்டுள்ளது. அந்தப் பாறையில் எட்டு முகம் கொண்ட, கூர் விளிம்புள்ள பளிங்குகள் பதிந்திருக்கின்றன. வடிவம் அச்சொட்டாக வைரத்தின் வடிவம். உள்ளே இருப்பது பென்சிற்கரி! வைரமாக உருவாகி, சூட்டோடு மெல்ல ஏறி, அழுத்தம் குறைந்த பிறகும் வெப்பம் விடாததால் கரியாக மாறிப்போன கற்கள் அவை. வைரம் கிடைப்பது அரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வைரங்கள் உருவாகின்றன. கெடாமல் வந்து சேர்வதுதான் அபூர்வம்.

வேகமாக வந்தவையும் காயமில்லாமல் வருவதில்லை. பட்டை தீட்டாத கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் எட்டு முகப் பளிங்கின் விளிம்புகள் தேய்ந்து உருண்டிருக்கும். முகங்களில் மிகச்சிறு முக்கோணக் குழிகள் தெரியும். ஏறிவரும் வழியில் கிம்பர்லைற் குழம்பு கல்லைக் கரைத்துத் தின்ற அடையாளங்கள் அவை. பயணம் நீண்டிருந்தால் கல்லே மிஞ்சியிராது.

இப்போது ஏன் இந்த எரிமலைகள் வெடிப்பதில்லை என்ற கேள்வியும் வரும். பெரும்பாலானவை பழைய பெருங்கண்டங்கள் உடைந்த காலங்களை ஒட்டி வெடித்தவை. கண்டம் பிளந்து 20 முதல் 30 மில்லியன் ஆண்டுகளுக்குப் பின் வெடிப்புகள் கூடுகின்றன என்று 2023 இல் ஓர் ஆய்வு காட்டியது. அறியப்பட்டவற்றுள் மிக இளையது தன்சானியாவின் இக்விசிக் குன்றுகள். ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்தவை.

குழாயிலிருந்து வயலுக்கு

ஒரு தொன் கிம்பர்லைற்றை அரைத்து ஒரு கரட் கிடைத்தால் அது நல்ல சுரங்கம். 50 இலட்சம் பங்கு கல்லில் ஒரு பங்கு வைரம். கிம்பர்லியில் 1871 முதல் 1914 வரை மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டிய பெருங்குழி 240 மீற்றர் ஆழம், 460 மீற்றர் அகலம். இன்றும் அந்த நகரின் நடுவில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது.

மழையும் ஆறும் இதைவிடப் பொறுமையாக அதே வேலையைச் செய்கின்றன. குழாயின் மேற்பகுதி பல மில்லியன் ஆண்டுகள் அரிபட்டுப் போகும்போது மற்றக் கனியங்கள் உடைந்து கரைந்துவிடும். வைரம் தேயாது, கனம் என்பதால் பரலோடு ஆற்றின் வளைவுகளில் தங்கிவிடும். வஜ்ரகரூர்ப் பகுதிக் கிம்பர்லைற்றுகள் பெரும்பாலும் 1,100 மில்லியன் ஆண்டுப் பழையவை. அத்தனை காலம் மழை அரித்த மண்ணில்தான் இன்றைக்குச் சனம் கல் பொறுக்குகிறது. கொல்லூர் முதலான கிருஷ்ணா நதிக்கரைப் பரல்களிலிருந்துதான் கோல்கொண்டா வைரங்கள் வந்தன. 1720களில் பிறேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தை பெரும்பாலும் இந்தியாவையே நம்பியிருந்தது.

இலங்கையில் ஏன் இல்லை?

இரத்தினபுரியின் இல்லம் என்ற பரற்படையும் ஆறு கொண்டுவந்து சேர்த்ததுதான். அந்த வகையில் ஆந்திரா வயலும் இரத்தினபுரிச் சுரங்கமும் ஒன்று. வேறுபாடு தாய்ப் பாறையில்.

நீலக்கல்லும் மாணிக்கமும் அலுமினியம் ஒட்சைட்டு. குருந்தம் என்ற நமது சொல்லிலிருந்துதான் உலகம் அந்தக் கனியத்துக்குப் பெயர் எடுத்தது. குருந்தம் உருவாகப் புவியோட்டின் ஆழமே போதும். இலங்கையின் பெரும்பகுதி, 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது புவியோட்டுக்குள் 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. மலைநாட்டின் சில இடங்களில் வெப்பம் 900 பாகையைத் தாண்டியது.

காபனும் இருந்தது. போகல, ககட்டகக சுரங்கங்களிலிருந்து வரும் இலங்கைக் காரீயம் உலகிலேயே மிகத் தூயவற்றுள் ஒன்று. பாறை வெடிப்புகளில் திரவத்திலிருந்து படிந்த காபன் அது. அதாவது வைரம் வளரும் அதே முறை! வெப்பம் இருந்தது, காபன் இருந்தது, திரவம் இருந்தது. அழுத்தம் மட்டும் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் நமக்கு வாய்த்தது பென்சிற்கரி.

தடித்த பழங்கிரேற்றன் வேர் ஒன்று இலங்கைக்குக் கீழே இல்லை. தார்வார் தட்டு வடக்கே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் தென்பகுதிப் பாறைகளும் நமது பாறைகளும்தான் உறவு. "மாத்தறை வைரம்" என்று பழைய வணிகத்தில் ஒரு பெயர் உண்டு. அது வைரமல்ல, தென்னிலங்கையில் கிடைக்கும் நிறமற்ற சிர்க்கோன் கல். நல்ல மினுக்கம் உள்ளது. வீட்டுப் பெட்டகத்தில் பாட்டி வைத்துவிட்டுப் போன பழைய "வைரத்தோடு" இருந்தால் இதையும் மனதில் வைத்துப் பரிசோதிப்பது நல்லது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இரத்தினக்கற்களும் இல்லை. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது மயோசீன் எனப்படும் பழங்காலத்துச் சுண்ணாம்புக்கல். ஆழமற்ற கடலில் சிப்பியும் முருகைக்கல்லும் படிந்து இறுகியது. கிணறு வெட்டும்போது சிப்பியின் அச்சு பதிந்த கற்கள் வருவது அதனால்தான். அந்தக் கல் காங்கேசன்துறையில் சீமெந்தாகியது. நமக்குத் தண்ணீரைத் தேக்கித் தருகிறது. பளபளக்கும் கல் கிணற்றில் கிடைத்தால் அது பெரும்பாலும் கல்சைற்றுப் பளிங்கு. பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள், கோடு விழும்.

ஆய்வுகூட வைரமும் கடையில் கேட்கவேண்டியதும்

சுவீடனில் 1953 இலும் அமெரிக்காவில் 1954 இலும் மனிதர் வைரம் செய்துவிட்டார்கள். இன்று இரண்டு வழிகள். ஒன்று, மான்ரிலின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இயந்திரத்துக்குள் உண்டாக்குவது. மற்றது, குறைந்த அழுத்தத்தில் மெதேன், ஐதரசன் வாயுக்களைப் பிரித்து மெல்லிய வைரத் துண்டின் மேல் காபனை அணு அணுவாகப் படியவிடுவது. இரண்டும் சில வாரங்களில் முடியும். கிடைப்பது உண்மையான வைரம். கடினமும் மினுக்கமும் அதுவே.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது. இயற்கை வைரத்துக்குள் சிறிதளவு நைதரசன் கலந்திருக்கும். மான்ரிலின் வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்ததால் அந்த நைதரசன் அணுக்கள் மெல்ல மெல்ல நகர்ந்து இரண்டிரண்டாக, நாலு நாலாகக் கூடிவிட்டன. வாரக்கணக்கில் வளர்ந்த கல்லில் அதற்கு நேரமில்லை. இயற்கைக் கற்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தக் கூட்டம் உண்டு. நிறமாலைக் கருவியில் தெரியும். நைதரசனே இல்லாத சிறுபான்மைக் கற்களுக்கு மேலதிகச் சோதனை வேண்டும். கண்ணாலோ கைவில்லையாலோ பிரித்தறிய முடியாது.

கல் வாங்கப் போகிறவர்களுக்கு:

1. கடைகளில் கல்லில் தொட்டுப் பார்க்கும் பேனா போன்ற கருவி வெப்பம் கடத்துவதைத்தான் அளக்கிறது. கண்ணாடியையும் செயற்கைச் சிர்க்கோனியாவையும் அது பிடித்துவிடும். மொய்சனைற் என்ற கல் அதை ஏமாற்றக்கூடும். ஆய்வுகூட வைரத்தை இயற்கை வைரத்திலிருந்து அதனால் பிரிக்கவே முடியாது.

2. சுத்தியலால் அடித்து உடையாவிட்டால் வைரம் என்ற பழைய சோதனையைச் செய்யவே வேண்டாம். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. சில திசைகளில் வைரம் சுலபமாகப் பிளக்கும்.

3. இயற்கையா ஆய்வுகூடமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுத்தில் கேளுங்கள். சான்றிதழோடு வரும் கற்களில் பெரும்பாலும் சான்றிதழ் இலக்கம் கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து மடங்கு பெருக்கும் வில்லையை வாங்கி, அந்த இலக்கமும் கடதாசியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.